மூச்சு: நாற்பத்திரண்டு

ஜூன் 4, காலை
கல்குவாரிக் குடியிருப்பு

நர்ஸம்மாவுக்கு,

அக்கா என்று எழுத வரவில்லை. மூன்று வருஷமாக அந்த வார்த்தையை நான் வாயில் எடுக்கவில்லை, இப்போது பேனாவிலும் வர மாட்டேன் என்கிறது. அதனால் உன் வேலையைச் சொல்லியே கூப்பிடுகிறேன். உறவு கொண்டாட எழுதவில்லை. கேட்க வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

எனக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. பையன். போன மாதம் முப்பதாம் தேதி, டவுன் பெரிய ஆஸ்பத்திரியில். நீ இருக்கும் ஊர்தான். உனக்குச் சொல்லக் கூடாது என்று இவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். இரண்டாம் நாளே படுக்கை இல்லையென்று அனுப்பிவிட்டார்கள். கையில் ஒரு மஞ்சள் அட்டையைக் கொடுத்து, "பயப்படாதம்மா, மூணாம் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள்னு நர்ஸ் உங்க வீட்டுக்கே வந்து உன்னையும் புள்ளையையும் பாத்துட்டுப் போவாங்க" என்றார்கள். நான் வீடு வந்து சேர்ந்த மறுநாள் விடியும்போது மலைப்பாதை சரிந்துவிட்டது. போன் டவரும் அதோடு போச்சு. மூன்றாம் நாளும் போச்சு. ஈ, காக்கைகூட வரவில்லை.

இப்போது வெளியே போக ஒரே வழி கம்பெனி டிராக்டர்தான். காலையில் டீசல் டிரம்களோடு பின்பக்கக் காட்டு வழியில் ஏறி வரும், மதியம் காலியாக இறங்கும். டவுனில் அது நிற்கிற இடத்து மருந்துக்கடையில் கொடுத்தால் கடிதம் உன்னிடம் வந்துவிடும் என்று டிரைவர் சொல்கிறார். உன்னை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

கேட்க வந்தது இதுதான். தொப்புளைச் சுற்றி ஈரமாக இருக்கிறது, லேசாகச் சிவந்தும் இருக்கிறது. இது சரியா? பால் குடிக்கும்போதே தூங்கிப்போகிறான். அழுவதே இல்லை. பக்கத்து வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், நாங்கள் ரேடியோ என்போம், நிறுத்துகிற பட்டனே கிடையாது. நாலு பெற்றவள். "இப்படி அமைதியான புள்ள கிடைக்க நீ குடுத்துவச்சிருக்கணும்டி" என்கிறாள். எனக்கு அமைதி என்றாலே பயம். ஏன் என்று உனக்கே தெரியும்.

பதில் மட்டும் எழுது. நேரில் வராதே. வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

மூன்றாவது வரிசை, ஏழாம் வீடு


ஜூன் 5, காலை

வாலு,

அப்படிக் கூப்பிட எனக்கு இப்போது உரிமை இல்லைதான். அடித்துவிட்டு வேறு எழுதப் பார்த்தேன். வேறொன்றும் வரவில்லை.

மருந்துக்கடைக்காரர் நீட்டிய கவரில் உன் எழுத்தைப் பார்த்ததும் கடை வாசலிலேயே உட்கார்ந்து படித்தேன். பையனா! "என்ன சிஸ்டர், நல்ல சேதியா?" என்று அவர் கேட்டார், தலையாட்டினேன்.

சோப்புப் போட்டுக் கையைக் கழுவாமல் யாரும் அவனைத் தொடக் கூடாது, ரேடியோவும் சேர்த்துத்தான். தொப்புளில் பவுடர், எண்ணெய் என்று எதையும் தடவாதே. உலர விடு. சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே, தூக்கிக்கொண்டு இறங்கிவிடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பால் கொடு. தூங்கினாலும் எழுப்பிக் கொடு. உள்ளங்காலைத் தேய்த்தால் முழித்துக்கொள்வான். அப்புறம், மூச்சை எண்ணு. சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். அறுபதைத் தொடக் கூடாது.

உன் உடம்பைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. காய்ச்சல் இருக்கிறதா? ரத்தம் அதிகம் போகிறதா? தலையை வலிக்கிறதா? பிள்ளை பெற்றவளையும் யாராவது பார்க்க வேண்டும், அதற்காகத்தான் வீட்டுக்கே ஆள் அனுப்புவது.

உங்கள் மலை என் லிஸ்டில் இல்லை. யார் லிஸ்டில் இருக்கிறது என்று நாளை ஆபீஸில் கேட்கிறேன். டிராக்டர்காரரிடம் என்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். "டீசலோட ஆள ஏத்தக் கூடாதுன்னு கம்பெனி உத்தரவு சிஸ்டர். போன வாரம் ஒருத்தர் உருண்டு விழுந்துட்டாரு. இறங்கும்போது வேணா எத்தன பேரையும் கூட்டிட்டு வரேன்" என்கிறார். நீ கதவைத் திறக்க மாட்டாய் என்பது வேறு விஷயம், வாசலிலாவது உட்கார்ந்திருப்பேன்.

பழையதைப் பற்றி நான் ஒன்று சொல்ல... வேண்டாம். இப்போது வேண்டாம். பிள்ளையைப் பார்.

அக்கா


ஜூன் 6, காலை

நர்ஸம்மா,

முதலில் என் உடம்பு. காய்ச்சல் இல்லை. தையல் வலிக்கிறது, உட்கார்ந்தால் உயிர் போகிறது. டிராக்டரில் மூன்று மணி நேரம் என்று நினைத்தாலே அழுகை வருகிறது. போதுமா?

நேற்று நீ சொன்னபடி உள்ளங்காலைத் தேய்த்தேன். கண்ணைத் திறந்தான், நாலு வாய் குடித்தான், மறுபடி தூங்கிவிட்டான். இன்னொரு தரம் தேய்த்தேன். ரேடியோ ஓடி வந்து, "தூங்குற புள்ளைய எதுக்குடி போட்டு உலுக்குற? நாலு பெத்திருக்கேன், எந்த நர்ஸ் வந்து எனக்குச் சொல்லிக் குடுத்தா?" என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். இவர் கல்லுடைக்கிற கிரஷரிலிருந்து உடம்பெல்லாம் கல்தூசியோடு வந்தார். கதவுக்கு வெளியே நின்றே பார்த்துவிட்டு, "அவன் நல்லாத்தான் இருக்கான். நீதான் பேயறைஞ்ச மாதிரி இருக்க. கொஞ்சம் படு" என்றார். படுத்தேன். நான் எழுந்து பார்க்கும்போது ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. அவன் அசையாமல் அதே மாதிரி கிடந்தான். செத்தே போனேன். மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன், மூச்சு வந்தது.

எண்ணவும் பார்த்தேன். பத்து வரைக்கும் எண்ணினேன். அதற்கு மேல் முடியவில்லை, அவள் ஞாபகம் வந்துவிட்டது.

நீ எழுப்பு, எழுப்பு என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு என் மகளுக்கு ஏழாம் நாள் பார்க்க வந்த நர்ஸ் நீதான். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். கண் விழித்தபோது தலைமாட்டில் ஒரு சீட்டு இருந்தது. 'ரெண்டு பேரும் நல்லாத் தூங்குறீங்க. பாப்பா நல்லா இருக்கா. எழுப்பல. நாளைக்கு வரேன்.' மறுநாள் விடியும்போது அவள் சில்லென்று கிடந்தாள். நான் உன்னைக் கேட்டேன், எல்லோர் முன்னாலும் கேட்டேன். "எல்லாம் பாத்தேன், மூச்சு எண்ணினேன், நான் பாத்தப்ப நல்லாத்தான் இருந்தா, அதுக்கப்புறம் திடீர்னு வந்திருக்கும்" என்றாய். ஊரே தலையாட்டியது. நான் நம்பவும் இல்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. உன்னைத் தலைமுழுகிவிட்டு மலையேறி வந்துவிட்டேன்.

இப்போது நீயே சொல். படித்தவள், பழகியவள், நீ எல்லாம் பார்த்தும் அவள் போனாள் என்றால், ஒன்றும் தெரியாத நான் பார்த்து என்ன ஆகப்போகிறது? இவனை எதற்கு நான் உலுக்க வேண்டும்? தூங்கட்டும். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது, ஆனால் தூங்கட்டும்.


ஜூன் 7, காலை ஏழு பத்து

வாலு,

டிராக்டர் எட்டு மணிக்குக் கிளம்பும். இதைப் பிரித்ததும் முதல் காரியமாகப் பிள்ளையைச் சுற்றியிருக்கிற துணியை அவிழ். அவிழ்த்த பிறகு மிச்சத்தைப் படி.

அவிழ்த்துவிட்டாயா? மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா என்று பார். கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் எண்ணு. பத்தில் நிறுத்தாதே. அழுகை வந்தால் அழுதுகொண்டே எண்ணு. அறுபதும் அதற்கு மேலும் வந்தால், குழி விழுந்தால், பாதம் சில்லிட்டிருந்தால், பால் இழுக்காமல் போனால், இதில் ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும், டிராக்டரில் ஏறு. அவனை உன் சட்டைக்குள்ளே மார்போடு மார்பாக, தோல் தோலில் படும்படி வைத்துக்கொள். தலையைத் துணியால் மூடு, மூக்கை மூடிவிடாதே.

உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். நேற்று ஆபீஸில் உங்கள் பகுதி ரெஜிஸ்டரைப் பார்த்தேன். உங்கள் நர்ஸ் நீண்ட லீவில் போயிருக்கிறாள், பக்கத்துப் பகுதிக்காரிதான் பொறுப்பு. உன் வீட்டு எண்ணுக்கு நேரே ஜூன் இரண்டாம் தேதி எழுதியிருக்கிறது: 'மூன்றாம் நாள் வருகை முடிந்தது. தாய் நலம். சேய் நலம். மூச்சு: 42.' பாதை சரிந்த அன்றைக்கு! கேட்டதற்கு, "மேலேர்ந்து ரிப்போர்ட் கேட்டு உயிர எடுக்குறாங்கக்கா. பாதை திறந்ததும் போய்ப் பாத்துக்கலாம்னு போட்டுட்டேன்" என்றாள்.

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்த நாற்பத்திரண்டு எனக்குப் பழக்கமானது. எண்ணாத நர்ஸ்கள் போடுகிற எண் அது. நாற்பது என்று போட்டால் சும்மா போட்ட மாதிரித் தெரியும், அதனால் இரண்டு கூட்டிக்கொள்வோம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். உன் மகளுக்கும் நான் நாற்பத்திரண்டுதான் போட்டேன்.

நான் அவளைப் பார்க்கவில்லை வாலு. துணியை அவிழ்க்கவில்லை. எண்ணவில்லை. மூன்று வருஷமாக நான் சொன்னது பொய்.

பார்த்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டாயே. அவளை யாருமே பார்க்கவில்லை. இவனையாவது பார். என்னைக் காறித் துப்பு, ஆனால் அவனை எழுப்பு.

மதியம் ஒரு மணியிலிருந்து மருந்துக்கடை வாசலில் ஆம்புலன்ஸோடு நிற்பேன். உன்னை ஏற்றாமல் கிளம்பக் கூடாது என்று டிராக்டர்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.


ஜூன் 7, மாலை
இரண்டாவது மாடி

நீ கீழே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாய் என்று வார்டு ஆயாம்மா சொன்னாள். மேலே வராதே. இதை அவளிடமே கொடுத்து அனுப்புகிறேன், பதிலையும் அவளிடமே கொடு.

எழுபத்திநாலு. மூன்று தரம் எண்ணினேன். எழுபத்திநாலு, எழுபத்தியொன்று, மறுபடி எழுபத்திநாலு. விலாவுக்குக் கீழே என் சுண்டுவிரல் வைக்கிற அளவுக்குக் குழி. துணியை அவிழ்க்காமல் இருந்திருந்தால் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்? தொப்புளைச் சுற்றிச் சிவப்பு பரவியிருந்தது. பாதம் தண்ணீரில் கிடந்த கல் மாதிரி இருந்தது. ரேடியோ என் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். அவள் வாய் மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஒரு பேச்சுப் பேசாமல் கிரஷருக்கு ஓடிப்போய் இவரை இழுத்துக்கொண்டு வந்தாள். தன் வீட்டுத் தலையணை நாலையும் டிராக்டரில் போட்டு என்னை ஏற்றிவிட்டாள். வழியெல்லாம் அவன் மார்புக்குள்ளே முனகிக்கொண்டே வந்தான். ஒரு பள்ளத்தில் இறங்கும்போது முனகலும் நின்றது. நான் போட்ட சத்தத்தில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். அப்புறம் மறுபடி முனகினான்.

ஆம்புலன்ஸ் பக்கத்தில் நீ இரண்டு கையையும் நீட்டினாய். நான் கொடுக்கவில்லை. உன் கையில் கொடுக்க என் கை வரவில்லை.

கண்ணாடி அறைக்குள்ளே வைத்திருக்கிறார்கள். டாக்டரம்மா, "ரத்தத்துல கிருமி கலந்திருக்கு. மருந்து போட்டிருக்கோம். நாப்பத்தெட்டு மணி நேரம் போகணும், அதுக்கு முன்னாடி எதுவும் சொல்ல முடியாது" என்றார். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு என்ன நடந்தது? ஒன்று விடாமல் எழுது. அழகாக எழுதாதே, நடந்ததை எழுது.


ஜூன் 7, மாலை
கீழே

எழுதுகிறேன்.

அன்றைக்கு என் லிஸ்டில் பதினாலு வீடு. உன் வீடு பதினோராவது. கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே வந்தேன். நீ வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாய், சின்ன வயதில் தூங்குவாயே, அதே மாதிரி. ஏழு நாளாக நீ கண்ணே மூடவில்லை என்று எனக்குத் தெரியும். பாப்பாவை மூக்கு வரைக்கும் சுற்றி உன் பக்கத்தில் போட்டிருந்தாய். நான் குனிந்தேன். அவிழ்த்தால் அவள் அழுவாள், அவள் அழுதால் நீ எழுந்துவிடுவாய். வேறு ஒருத்தி வீடாக இருந்தால் எழுப்பியிருப்பேன், பத்து வீட்டிலும் எழுப்பிவிட்டுத்தான் வந்திருந்தேன். உன்னை எழுப்ப மனசு வரவில்லை. நம் வீட்டுப் பிள்ளைதானே, நாளைக்கு வந்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சீட்டு எழுதி வைத்துவிட்டு, படிக்கட்டில் நின்று அட்டையில் நாற்பத்திரண்டு என்று போட்டேன். பன்னிரண்டாவது வீட்டுக்குப் போனேன்.

அவிழ்த்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா? எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. மூன்று வருஷமாக ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பிள்ளையையும் அவிழ்த்து, இரண்டு தரம் எண்ணுகிறேன். தாய்மார்கள் என்னைக் கடுகடு சிஸ்டர் என்கிறார்கள். எண்ணும்போதெல்லாம் எனக்குப் பயம்தான். உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடும் என்று பயந்தேன், நீ போய்விடுவாய் என்று அதைவிடப் பயந்தேன். பொய் சொல்லியும் நீ போய்விட்டாய்.

இன்று காலை டிராக்டர் கிளம்பியதும் ஆபீஸுக்குப் போனேன். உன் மகளின் அட்டையில் நான் பொய்யாக எழுதியதையும், உன் மகனை யாரும் வந்து பார்க்காததையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். அவர் இரண்டு தரம் படித்துவிட்டு, "பழைய கதைய எதுக்கும்மா இப்ப கிளறுறீங்க?" என்றார். அப்புறம், விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார். லிஸ்டை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை, நீ கேட்டதால் எழுதினேன். வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. ஆயாம்மா ஒவ்வொரு தரம் இறங்கி வரும்போதும் அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. ஒன்றும் எழுத வேண்டாம், இருக்கிறான் என்று மட்டும் சொல்லி அனுப்பு.


ஜூன் 9, மதியம்

அக்கா,

இருக்கிறான்.

ஆயாம்மாவிடம் இரண்டு நாளாக அந்த ஒரு வார்த்தையை மட்டும்தான் சொல்லி அனுப்பினேன். வேறு எழுதினால் என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது. உன் கடிதத்தை ஏழெட்டுத் தரம் படித்தேன். ஒரு தரம் கிழிக்கக்கூடப் போனேன். இவர் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

காலையில் கண்ணாடி அறையிலிருந்து எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்கள். இழுத்துக் குடிக்கிறான். அழுகிறான் அக்கா! வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி, தொண்டை கிழிய அழுகிறான். டாக்டரம்மா சிரித்தார். "ஆபத்து இன்னும் முழுசாத் தீரல, பத்து நாள் ஊசி இருக்கு. ஆனா பய கெட்டிக்காரன்" என்றார். இனிமேல் இவன் என் பக்கத்திலேயே இருக்கலாமாம்.

அதுதான் எனக்குப் பயம். கண்ணாடிக்குள்ளே இருந்தபோது ஒரு மிஷின் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது நான்தான் பார்க்க வேண்டும். மூன்று நாளாகத் தூங்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறேன். காலையில் வந்த சின்னப் பெண், நர்ஸ்தான், அட்டையில் நாற்பத்திரண்டு என்று எழுதினாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆவேசம் வந்ததோ, அவள் கையைப் பிடித்துவிட்டேன். பாவம், மிரண்டுபோய் என் எதிரிலேயே மறுபடி எண்ணிக் காட்டினாள். நானும் கூடவே எண்ணினேன். நாற்பத்திரண்டேதான் வந்தது. இவர் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார்.

"நீ தூங்கும்மா, நாங்க பாத்துக்கறோம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நல்லவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு முப்பது பிள்ளைகள். இவர் பார்த்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தார், உட்கார்ந்த இடத்திலேயே குறட்டை விட்டார். யாரை நம்பித் தூங்க? யோசித்துப் பார்த்தேன். இந்தக் கட்டிடத்தில் என் அளவுக்குப் பயந்துபோயிருக்கிற ஆள் இன்னொருத்திதான் இருக்கிறாள். கீழே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

நான் உன்னை மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்று தெரியாது. நீ அந்த அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தது நல்லது, அதனால் அவள் திரும்பி வரப்போவதில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு வா.

மேலே வா. கையைக் கழுவிக்கொண்டு வா. அவனை உன் மடியில் தருகிறேன். நான் இரண்டு மணி நேரம் தூங்க வேண்டும், இல்லாவிட்டால் விழுந்துவிடுவேன். அடுத்த பால் நேரம் நாலு மணி. நாலு மணிக்கு நான் எப்படி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி, என்மேல் இரக்கப்படாதே. எழுப்பு.

வாலு